உட்காரச் சொன்னது

என் பீரோவில் ஒரு விடைத்தாள் இருக்கிறது. அதில் அரை வாக்கியம்தான்: ‘அம்மா காலையில் கிளம்பும்போது’. அதற்குப் பிறகு பேனா இழுபட்டு ஓரம் வரை ஓடிய ஒரு கோடு.

சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டுரை எழுதும் பயிற்சிக்கு நான் பகுதிநேர ஆசிரியை. ஒவ்வொரு ஜூனிலும் என்னைத் தொடர்வதா வேண்டாமா என்று துறைத்தலைவர் முடிவு செய்வார். அந்தத் தாள் எழுதப்பட்ட நாளுக்கு முந்தின வாரம்தான், தேர்வு நடக்கும்போது ஒரு மாணவியை வெளியே விட்டதற்காக எல்லார் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். இன்னொரு முறை நடந்தால் ஜூனில் வர வேண்டாம் என்றார்.

அன்றும் தேர்வுதான். எழுதக் கொடுத்த தலைப்பு, ‘எங்கள் வீட்டுக் காலை’. பதினோரு மணி இருக்கும். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எங்கோ பட்டாசு ஆலையில் வெடித்திருக்கிறது என்பதை இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாத் தலைகளும் புகை எழும் திசைக்குத் திரும்பின. “நாரணாபுரம் பக்கம்டீ” என்றாள் ஒருத்தி. மூன்றாம் பெஞ்சில் இருந்தவள் எழுந்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு அங்கே ஒரு பட்டாசு ஆலையில்தான் வேலை.

“மேடம், நான் போகணும்.”

“உட்காரும்மா” என்றேன். வராந்தாவில் துறைத்தலைவரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் உட்காரவில்லை. “உட்காருன்னு சொல்றேன்ல!” என்று இரண்டாம் முறை கத்தினேன். அவள் உட்கார்ந்தாள். செருப்புச் சத்தம் எங்களைத் தாண்டிப் போனது.

அவர் போன பிறகுதான் என் செல்போனை அவளிடம் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. “எடுக்க மாட்டாக மேடம். உள்ள கொண்டு போக விடாம, கேட்லயே வாங்கி வச்சிருவாக” என்றாள். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தாள். யாரும் எழுதவில்லை. அவளைப் பார்க்க முடியாமல் நான் வினாத்தாள்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

இருபது நிமிடம் கழித்து அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. “அம்மா” என்றவள் அப்படியே அழுதுவிட்டாள். பிறகு, “வரத்தான் பாத்தேன், மேடம் விடல” என்றாள். போன் என் கைக்கு வந்தது.

“டீச்சர், வெடிச்சது பக்கத்துக் கம்பெனி. பிள்ளைய விடாம வச்சிருந்தீகளே, நீங்க நல்லா இருப்பீக. பதறியடிச்சு இங்கன ஓடி வந்திருந்தா என்ன ஆயிருக்குமோ.”

“பரவாயில்லம்மா” என்றேன். பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அது மாலையில்தான் எனக்கு உறைத்தது.

மறுவாரம் அவள் புதுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். பழையது என்னிடமே தங்கிவிட்டது. அந்த ஜூனில் என்னைத் தொடரச் சொன்னார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அவள் படிப்பை முடித்து விருதுநகரில் வேலை பார்க்கிறாள். வழியில் பார்த்தால், “அம்மா உங்கள ரொம்பக் கேட்டாக மேடம்” என்பாள்.

மனதில் உள்ளதை மறைக்காமல் எழுதுங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். அந்த அரை வாக்கியத்துக்குக் கீழே தாள் முழுக்க வெற்றிடம். அவளை நான் ஏன் உட்காரச் சொன்னேன் என்பதை அதில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.