குசினி பார்த்துச் சேர்ந்த கிளப்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் தொழிற்சாலை வேலையோடு வீடு கட்டினேன், கடை போட்டேன், பழைய வான் வாகனத்துக்குள் கட்டிலும் அடுப்பும் பூட்டி ஊர் சுற்றுகிற வண்டியாக்கினேன். ஆனால் அந்த வண்டியை நிறுத்த எந்தக் காம்பிங் கிளப்பில் சேருவது என்று தீர்மானிக்க மட்டும் எனக்கு அறிவு காணாதாம்.

பொறியியலாளரான மருமகன் கணினியில் ஆராய்ந்து, நீச்சல் குளங்கள் உள்ள கிளப்பைச் சிபாரிசு செய்தார்.

"அங்கை எல்லாரும் சமைக்கிற பொதுக் குசினி இருக்கோ?" என்றேன்.

"விடுமுறையிலை ஆர் மாமா குசினி பாக்கிறது?"

மகளும் டெனிஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் குசினி உள்ள கிளப்பிலேயே காசைக் கட்டினேன்.

போன கிழமை குடும்பமாக அங்கே போனோம்; ஏழு நாளும் மழை. டென்மார்க் கோடைக்கு மருமகனின் ஆராய்ச்சி தெரியாது, பாவம். எல்லாரும் அந்தக் குசினிக்குள்தான் கிடந்தோம். என் நண்டுக் குழம்பின் வாசத்துக்குப் பக்கத்து வண்டி டெனிஷ்காரரும் கோப்பையோடு வந்தார்கள். மருமகன் திரும்பத் திரும்பச் சோறு போட்டுக்கொண்டு, "நல்ல இடம் மாமா" என்றார், இடம் தானாக நடந்து வந்ததுபோல.

இப்போது மகள் முகநூலில் படங்களைப் போட்டு, எல்லாம் தேடித் தந்த கணவருக்கு நன்றி என்று எழுதியிருக்கிறாள். பிள்ளை, அதை அழி. கிளப்பைத் தெரிவு செய்தது அப்பா என்று எழுது. நண்டையும் சேர்த்து எழுது.