மான் பார்க்கப் போன மைக்கேல்சாமி

ஆவூர்ப் பக்கம் போய் மைக்கேல்சாமி வீடு எங்கே என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டமாட்டார்கள். "அந்தா, கடலக் கொல்லைல ஒரு சத்தம் கேக்குதுல்ல, அவருதான்" என்று கையை நீட்டுவார்கள். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். "ஏஏஏய்... ஹூவாய்! ஹூவாய்!" என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பும். பின்னாலேயே தகர டின்னில் மூன்று அடி விழும். காலையில் கோயில் மணிக்கு முன்னால் ஒரு தரம், சாயங்காலம் மணிக்குப் பின்னால் ஒரு தரம் என்று இருபது வருடமாக இதுதான் நடக்கிறது.

அவருக்கு அறுபத்தொரு வயது. ஒன்றே முக்கால் ஏக்கர் கொல்லையும் ஒரு கிணறும் இருக்கின்றன. மயில்கள் முதன்முதலாக வந்தபோது இரண்டே இரண்டுதான் வந்தன. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. மைக்கேல்சாமியும் ஒரு கை கம்பை அள்ளிப் போட்டு ரசித்தவர்தான். அந்த ஒரு கைக் கம்புக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு பத்தாகி, பத்து முப்பதாகிவிட்டது. மயிலே மயிலே இறகு போடு என்றால் போடாது என்பார்கள். மைக்கேல்சாமியின் மயில்கள் இறகைத் தாராளமாகத்தான் போட்டன, கடலையைத்தான் விட்டுவைக்கவில்லை. கல்லெறிந்து காயப்படுத்தினால் கேஸ். கொல்லையைச் சுற்றிச் சேலையைக் கட்டிப் பார்த்தார், பழைய கேசட் நாடாவைக் கட்டிப் பார்த்தார். இரண்டு நாள் பயந்த மயில்கள் மூன்றாம் நாள் அந்தச் சேலை நிழலிலேயே நின்று கொத்தின. கடைசியில் மிஞ்சியது தொண்டை ஒன்றுதான்.

பக்கத்துக் கொல்லைக் கண்ணுசாமி கேலி செய்வார். "ஏன் மைக்கேலு, எங்க முருகன் வாகனத்தப் போயி இப்புடி வெரட்டுறியே?"

"வாகனம்னா அதுக்குத் தீனி போட வேண்டியது யாரு? ஏறிப் போறவரா, நானா?" என்பார் மைக்கேல்சாமி. இருவரும் சிரித்துவிட்டு அவரவர் வரப்புக்குப் போவார்கள்.

சிரிக்க முடியாத விஷயமும் இதில் ஒன்று இருந்தது. மயில்கள் இறங்குவது வெயில் ஏறுவதற்கு முன்னாலும் வெயில் சாய்ந்த பின்னாலும். பிள்ளை இருக்கிற வீட்டில் தகப்பன் இருக்கவேண்டிய நேரமும் அதுதான். ஒரே மகள் ஏஞ்சல். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள். அவள் பள்ளிக்கூட பஸ் ஏறும்போது அப்பா கொல்லையில் இருப்பார். பாடம் படிக்கும்போதும் கொல்லையில்தான். அவள் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று எடுத்த போட்டோவில் சாமியார் இருக்கிறார், அம்மா ஜெபமாலையம்மாள் இருக்கிறார், ஞானத்தாய் இருக்கிறார். மைக்கேல்சாமி சேற்றுக் காலோடு ஓடி வந்தபோது போட்டோக்காரர் பையை மூடிக்கொண்டிருந்தார். நர்சிங் கல்லூரியில் விளக்கேற்றும் விழாவும் சாயங்காலமாகப் போய்விட்டது. "வாரேன், வாரேன்" என்று போனில் சொன்னவர் வரவில்லை. ஏஞ்சல் ஒருநாளும் இதற்காகச் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்துவிட்டது. பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் கிளம்புகிற மாதிரி அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். மணமேல்குடிப் பக்கம் கடற்கரையில் ஒரு லாட்ஜில் மூன்று நாள் தங்குவது, மூன்றாம் நாள் லாட்ஜ்காரர்களே வேனில் கோடியக்கரைக்குக் கூட்டிப்போய் சரணாலயத்தில் மான் காட்டுவார்கள், அங்கிருந்து நேரே வீடு.

"தவக்காலம் ஆரம்பிக்கறதுக்குள்ள போயிட்டு வந்துருவோம்ப்பா. மூணு பேரும் சேந்து ஒரு போட்டோ எடுக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

கடலை பால் பிடித்து நின்றது. ஒரு நாள் அசந்தாலும் போச்சு. மைக்கேல்சாமி தலையைச் சொறிந்தார். ஜெபமாலையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னங்க, ஒங்க மயிலு எங்கயும் போயிறாது. புள்ள போயிரும்."

மைக்கேல்சாமி எழுந்து பக்கத்துக் கொல்லைக்குப் போனார். கண்ணுசாமி காவல் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். கோயிலில் மாதா முன்னால் நின்று மைக்கேல்சாமி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஒரு போட்டோவையாவது நான் கெடுக்காமல் இருக்கணும் தாயே.

கடற்கரையில் அவர் செய்த ஒரே காரியம் தூங்கியதுதான். மணமேல்குடிக் கடலுக்கு அலையும் கிடையாது, இரைச்சலும் கிடையாது. மணலில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி தூங்கினார். சாப்பிட உட்கார்ந்தால் மீன் முள்ளை எடுத்த கை அப்படியே நிற்கும். இருபது வருடத் தூக்கம் வட்டியும் முதலுமாக வந்து இறங்கியதுபோல் உடம்பு கெஞ்சியது. ஆனாலும் நாலரை ஆனால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். கை கட்டிலுக்கடியில் டின்னைத் துழாவும். "இங்க ஏதுங்க டின்னு, படுங்க" என்று ஜெபமாலையம்மாள் தோளைப் பிடித்துச் சாய்ப்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்கு நடுவயதில் வந்த பழக்கமே சுடுகாடு வரைக்கும் வரும்போலிருந்தது.

மூன்றாம் நாள் விடியுமுன்னே வேன் கிளம்பியது. லாட்ஜில் தங்கியிருந்த ரெங்கசாமி என்கிற ரிட்டயர்டு பேங்க் மேனேஜரும் அவர் மனைவியும் கூட வந்தார்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு கேமராவை அவர் குழந்தைபோல மடியில் வைத்திருந்தார். சரணாலய வாசலில் திறந்த ஜீப்புக்கு மாறினார்கள். கைடு அருண்குமார் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"ஒரு விஷயம்தாங்க. சத்தம் கூடாது. வெளிமானுக்குக் காது ரொம்பக் கூர்மை. ஒரு தடவ மெரண்டுச்சுன்னா இன்னைக்கு முழுக்கத் திரும்பி வராது."

"போட்டோ எடுக்கலாமுங்களா?" என்றாள் ஏஞ்சல்.

"கிட்ட வரட்டும். நானே எடுத்துத் தாரேன். பின்னாடி மான் நிக்கிற மாதிரி."

புல்வெளி ஓரம் ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்கள். ஏஞ்சல் நடுவில், அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கம். ஒரு மணி நேரம் போனது. அங்கே திரியும் காட்டுக் குதிரை ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. கடல்காற்று குளுகுளுவென்று வீசியது. மைக்கேல்சாமி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்குத் தூங்கக்கூடாது என்று தொடையைக் கிள்ளினார். மகளின் தோள் தன் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. கடைசியாக அப்படிப் பட்டது எப்போது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. யோசித்தபடியே தலை சாய்ந்துவிட்டது.

அப்போதுதான் மான்கள் வந்தன. கறுத்த முதுகும் வெள்ளை வயிறும் முறுக்கிய கொம்புமாக ஒரு கிடா முன்னால், பின்னால் இருபது பெட்டைகள். ரெங்கசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினார். அருண்குமார் சாடையில் ஏஞ்சலின் போனை வாங்கினார். அவள் மெதுவாக அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மைக்கேல்சாமி கண்ணைத் திறந்தார். தூக்கக் கண்ணுக்கு விடிந்தும் விடியாததுபோல் ஒரு வெளிச்சம். எதிரே பச்சை. பச்சைக்குள் தலையைக் குனிந்து வரிசையாக மேய்கிற ஜீவன்கள்.

"ஏஏஏய்... ஹூவாய்! ஹூவாய்!"

கை தானாக நீண்டு ஜீப்பின் தகரத்தில் மூன்று அடி போட்டது. மான் கூட்டம் ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்து நிமிர்ந்து பார்த்தபோது புல் மட்டும்தான் இருந்தது.

"யோவ், அறிவிருக்கா ஒனக்கு? ஒரு மணி நேரமாக் காத்துக் கெடக்கோம்!" ரெங்கசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

"ஐயா, ஆபீசருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்யா" என்றார் அருண்குமார் அழாத குறையாக.

மைக்கேல்சாமி இரண்டு பேரையும் பார்த்துக் கைகூப்பினார். "தூங்கிட்டேன்ங்க. கொல்லைன்னு நெனச்சுட்டேன்ங்க." கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏஞ்சல் போனைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டாள். அப்பாவைப் பார்க்காமலே சொன்னாள்:

"இங்கயும் கொல்லையத் தூக்கிட்டு வந்துட்டீங்களேப்பா."

இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. ரெங்கசாமி திட்டியது அவர்மேல் ஒட்டவில்லை. இது போய்த் தைத்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போவது அவருக்குப் புதிதில்லை. ஆனால் தட்டிவிட்டது இந்த முறை மயில் இல்லை, அவர் கையேதான். திரும்பும் வழி முழுக்க வேன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவமானத்தைவிடக் களைப்பாக இருந்தது. வாழ்க்கையே ஒரே களைப்பாகத் தெரிந்தது.

அறந்தாங்கி தாண்டும்போது கண்ணுசாமி போன் செய்தார். அரிமளத்தில் ஒரு துக்கமாம். "காலைல ஒரு சத்தம் போட்டுட்டுத்தான் கெளம்புனேன் மைக்கேலு. இன்னும் திரும்பல. மனசுல வச்சுக்காத."

ஊருக்குள் வேன் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரோட்டிலிருந்தே தெரிந்தது, கொல்லை முழுக்க மயில். ஜெபமாலையம்மாள் "ஐயோ மாதாவே" என்றார். ஏஞ்சல் அப்பாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"போங்கப்பா. ஓடுங்க" என்றாள். கோபமில்லை, பழகிப்போன குரல்.

மைக்கேல்சாமி ஓடவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"வா ஆத்தா" என்றார். "ஜெபமால, நீயும் வா."

மூன்று பேரும் போய் வரப்பில் உட்கார்ந்தார்கள். மயில்கள் நிமிர்ந்து அவரைப் பார்த்தன. வழக்கமான சத்தம் வரவில்லை என்றதும் மறுபடி குனிந்துகொண்டன.

"என்னப்பா பண்றீங்க? வெரட்டுங்க!"

"ஸ்ஸ்... சத்தம் கூடாது" என்றார், அருண்குமார் சொன்னதுபோலவே. "மானத்தான் ஒனக்குக் காட்டாம வெரட்டிப்புட்டேன். இதையாவது காட்டுறேன். போட்டோ எடு."

ஏஞ்சல் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. போனை நீட்டிப் பிடித்தாள். மூன்று தலைகள், பின்னால் பச்சையில் நீலக் கழுத்துகள். எடுத்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் எடுத்தாள்.

"அந்தா, அங்கிட்டு நொண்டுது பாரு, அந்தப் பெட்டை மூணு வருசமா வருது" என்றார் தணிந்த குரலில். "அந்தப் பெருசு இருக்கே, அது தகரத்துக்குப் பயப்படாது. என் சட்டையப் பாத்தாத்தான் பயப்படும். கிணத்து மேட்டுல நிக்கிறது கிறுக்கு, கடலையத் தோண்டாம மண்ணத் திங்கும்."

ஏஞ்சலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நெருக்கத்தில் உட்கார்ந்து அப்பா இத்தனை நேரம் பேசி அவள் கேட்டதே இல்லை. அப்பாவுக்கு ஊரில் இருக்கிற எல்லாரையும்விட இவற்றைத்தான் நன்றாகத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது.

பெருசு ஒரு செடியைக் காலால் பறித்தது. அலகில் கவ்வி ஒரு உதறு உதறியது. வேரில் பால்காய்கள் வெள்ளையாகத் தொங்கின. ஏஞ்சல் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் சிரித்தபடிதான் இருந்தார். ஆனால் மடியில் துண்டைப் பிடித்திருந்த இரண்டு கையும் அதைப் பிழிந்துகொண்டிருந்தன. இன்னொரு செடி போனது. இன்னொன்று. ஜெபமாலையம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மைக்கேல்சாமி துண்டை இன்னும் முறுக்கினார்.

ஏஞ்சல் எழுந்தாள்.

"ஏஏஏய்... ஹூவாய்! ஹூவாய்!"

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதே இழுப்பு, அதே அடிவயிறு. டின் இல்லாததால் செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று மூன்று அடி அடித்தாள். முப்பது மயிலும் படபடவென்று எழும்பிப் பனைகளுக்குப் பறந்தன.

அந்தச் சத்தம் அவருடையதுதான் என்று நினைத்து, தூரத்தில் தெருப் பக்கமிருந்து அண்டை வீட்டு அமிர்தவல்லி குரல் கொடுத்தார். "மைக்கேலண்ணே! ஊர்லேர்ந்து வந்துட்டீங்களா?"

மைக்கேல்சாமி மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வந்ததை அவர் மறைக்கவில்லை. ஏஞ்சல் செருப்பும் கையுமாகக் கொல்லையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள், ஒன்றும் திரும்பி இறங்கிவிடாமல். அவள் அயர்லாந்து கிளம்ப இன்னும் ஒன்பது நாள்தான். அது அவருக்குத் தெரியும். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, வெயில் முழுசாக இறங்குமுன்னே, மைக்கேல்சாமி வரப்பிலேயே படுத்துக் கண்ணை மூடினார்.