அளக்காமல் சொருகிய வயர்

அவளுக்கு ஊர் வைத்த பெயர் அளவுக்காரி. மெஷின் பழுது பார்ப்பவள். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த வயரையும் எதிலும் சொருக மாட்டாள். குழம்பில் உப்பைக்கூட இரண்டு தரம் ருசி பார்த்துவிட்டுத்தான் இறக்குவாள்.

அன்று மதியம் அக்காவின் தையல் கடையிலிருந்து அழைப்பு. எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்பும் சின்னப் பெட்டி படுத்துவிட்டது. மறுநாள் காலைக்குள் ஓட்டல்காரர்களின் சட்டைகளில் சின்னம் தைத்துத் தராவிட்டால் அந்த வாடிக்கை போய்விடும். கடை ஓடுவதே அவர்களை நம்பித்தான்.

அளவுக்காரி போய்ச் சேர்ந்தபோது, அக்கா பரணிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை இறக்கி வைத்திருந்தாள். அதன் வயரைக் கையில் ஆட்டினாள்.

"ஒன்பது ஊசி, ஒன்பது ஓட்டை. அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. சொருகேண்டி!"

"சாவி நுழையுதுன்னு எல்லா வீடும் நம்ம வீடாயிடுமாக்கா? இந்தக் கம்ப்யூட்டர் பத்து வோல்ட்டுக்கு மேல தள்ளும். உன் மெஷின் போர்டு தாங்குறது மூணுதான். நடுவுல வோல்ட்டைக் குறைக்கிற கன்வெர்ட்டர் இருக்கான்னு மெஷினைத் திறந்து பாக்கணும்."

"பாத்துட்டே இரு. இப்படி அளந்து அளந்துதானே வந்த வரன் எல்லாம் வாசலோட போச்சு!"

அளவுக்காரி மீட்டரைக் கீழே வைத்தாள். வயரை எடுத்தாள். ஒரே அழுத்து, சொருகிவிட்டாள்.

மெஷினின் திரை ஒருமுறை மின்னி அணைந்தது. கருகல் நாற்றம் வந்தது. திறந்து பார்த்தால், சாக்கெட்டிலிருந்து வயர் நேராக போர்டுக்கே போயிருந்தது. நடுவில் கன்வெர்ட்டர் இல்லை. முன்பு யாரோ ஒரு மெக்கானிக் செய்த வேலை.

அக்கா துணிக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள். "போச்சாடி?"

"போச்சு."

அளவுக்காரி எழுந்து வீட்டுக்குப் போனாள். அதே மாடல் மெஷின் ஒன்றை, என்றாவது சொந்தக் கடை போடலாமென்று, துணி போர்த்தி வைத்திருந்தாள். துணியை விலக்கி, போர்டைக் கழற்றினாள். கன்வெர்ட்டர் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தவள் கையிலிருந்த போர்டைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"உன்னோடதாடி இது?"

"ஸ்க்ரூவைப் பிடிக்கா, உருண்டுடப் போகுது."

போர்டு மாட்டியாயிற்று, கன்வெர்ட்டரும் வைத்தாயிற்று. அளவுக்காரி வயரை எடுத்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கீழே கிடந்த மீட்டரை எடுத்து, முந்தானையால் துடைத்து நீட்டினாள்.

"இரு. அளந்துட்டுச் சொருகு."