உயிரோடு கேட்ட கோடி

எரியோட்டுப் பக்கம் அய்யம்மாளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. புருஷன் போன பிறகு முப்பது வருஷம் ஒற்றை ஆளாகக் கனகாம்பரம் போட்டு மகனை ஆளாக்கியவள். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் பூ மார்க்கெட் தரகர்கள் அவளை மென்று துப்பியிருப்பார்கள்.

வயிற்றில் இருந்த கட்டியைப் பார்த்த மதுரை டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னதும் மகன் பழனிக்குமார் அங்கேயே அழுதான். அவளோ, "அறுவத்தெட்டு வயசாச்சு. பூத்த செடி பட்டுப்போறதில்லையா? எந்திரிலே, பஸ்ஸு போயிரும்" என்றாள்.

சாவைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. மனசை அரித்தது வேறு. பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். உடன்பிறந்தவன் கொண்டுவரும் அந்தப் புதுச்சேலையைப் போர்த்தாமல் பாடை கிளம்பாது. தம்பி சோலைமுத்துவோடு அவளுக்குப் பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இருவருக்கும் பொதுவான கிணற்றில் அவள் தண்ணீர் பாய்ச்சும் முறையன்று அவன் மோட்டார் போட்டான். அவள் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிந்தாள். "உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போனவன், எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"மாமனுக்குப் போனப் போடு. கோடிய இப்பவே கொண்டாரச் சொல்லு" என்றாள் மகனிடம்.

"உசுரோட இருக்கையில கோடி கேப்பாகளா? வாயக் கழுவும்மா!"

"நீ போடுறியா, நான் நடந்து போகவா?"

சேதி பரவியதும் ஊரே காறித் துப்பியது. மறுநாள் காலையில் சோலைமுத்து வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே பையைத் திண்ணையில் அவள் கிடந்த கட்டிலில் எறிந்தான்.

"இந்தா. ஊரு சிரிக்க வச்சுட்டேல்ல? திருப்திதான?"

அவள் சேலையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். "பாலியஸ்டரு. எனக்கு இது போதும்னு நெனச்சியாக்கும். சின்னாளபட்டி நூல்சேல கொண்டா."

"பொணத்துக்கு எதுக்குச் சின்னாளபட்டி?"

"நான் இன்னும் பொணமாகல லே."

வண்டியை உதைத்துக் கிளப்பி, வைதுகொண்டே போனான். மத்தியானம் அரக்கு நிறச் சுங்குடிச் சேலையோடு திரும்பி வந்தான். அய்யம்மாள் அதை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள். சற்று நேரத்தில் வெளியே வந்தபோது அதைக் கட்டியிருந்தாள். எலும்பும் தோலுமாகிப் போன உடம்பில் சேலை நிற்கவே இல்லை. சோலைமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது.

"கோடிய உசுரோட கட்டுறியே, நாசமாப் போறவளே! நாளைக்கு நான் எதக் கொண்டாருவேன்?"

"பொணத்துக்கு யாரு வந்தா எனக்கென்ன தெரியப் போகுது? இன்னைக்கு வந்துட்ட. அம்புட்டுத்தான் எனக்கு வேணும். சாவுக்கு வர வேணாம், போ."

"வருவேன்! வேணாம்னு சொல்ல நீ யாரு?" என்று தெரு அதிரக் கத்தினான் சோலைமுத்து. "இன்னொரு கோடி எடுத்துக்கிட்டு வருவேன்." சொல்லிக்கொண்டே திண்ணையேறி அவள் கட்டிலில் உட்கார்ந்தான்.