மூன்றாவது பாய்லர்

ஜூலை மாதத்திலும் வீட்டுக்குள் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளும் லவ்டே டிரெம்பாத், ஞாயிறு தவறாமல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடலின் பத்து டிகிரிக் குளிரில் முங்குவாள். தபால் பட்டுவாடா செய்து ஓய்வுபெற்றவள், வயது அறுபத்தொன்று. கடலடிப் பாறை இடுக்குகளில் தகடும் குழாயுமாகச் சிதறிக் கிடக்கும் இரும்பு மொத்தமும் மூழ்கிப்போன ‘ஆல்பர்ட்டினா’ என்ற ஒரே நீராவிக் கப்பலுடையது என்பது அவளுடைய பத்தொன்பது வருடக் கட்சி. அந்தக் கப்பலுக்கு இரண்டு பாய்லர். கீழே கிடப்பதும் இரண்டு. அப்படியே அவள் எழுதிக் கொடுத்த பலகையைச் சனிக்கிழமை துறைமுகத்தில் திறக்கப்போகிறார்கள்.

இந்த நேரம் பார்த்து மூன்றாவது பாய்லர் ஒன்றைக் கண்டதாகச் சொன்னான் ஹெட்லி. சொன்னவன் முன்னாள் கணவன். நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

விவாகரத்தாகி ஆறு வருடம். ஆனால் ஆழத்தில் முங்கப் போடும் தண்ணீர் புகாத உடைக்கு ஜிப் முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை. தானே இழுக்க முடியாது. இன்றுவரை ஒருவருக்கொருவர்தான் இழுத்து விடுகிறார்கள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்றார் படகோட்டி பாஸ்கோ.

"ஜிப்பு முன்பக்கம் வர்ற வரைக்கும்" என்றாள் லவ்டே.

"கண்ணு, அங்க ரெண்டு கப்பல் கிடக்கு" என்றான் ஹெட்லி, இழுத்தபடியே.

"நீ பாத்தது பீப்பாயா இருக்கும். கல்யாணத்தன்னிக்கு நான்னு நெனச்சு எங்க அத்தைக்கு முத்தம் குடுத்த கண்ணுதானே அது!"

சிரிப்பில் அவன் கை நின்றது. ஜிப் மூட இன்னும் நாலு விரல் இருந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

பதினெட்டு மீட்டர் ஆழத்தில், பாசிக் காட்டை விலக்கும்போது முதுகில் சில்லென்று தண்ணீர் இறங்கியது. அவள் தோளிலிருந்து குமிழி கிளம்புவதைப் பார்த்த ஹெட்லி, பதறிப்போய்க் கட்டைவிரலை உயர்த்தினான்: மேலே போ! அவள் ஒரு விரலைக் காட்டினாள்: ஒரே நிமிஷம். எதிரே ஆளுயர இரும்பு உருளை. அதில் மூன்று அடுப்பு வாய்கள். நடு வாயிலிருந்து ஒரு விலாங்கு, வாடகைக்கு இருப்பவரின் எரிச்சலோடு எட்டிப் பார்த்தது.

படகில் ஏறியபோது அவள் கால் இரண்டும் தண்ணீர் மூட்டைகள்.

"என் தப்புதான்" என்றான் ஹெட்லி, முகம் வெளுத்து. "அது பீப்பாயாவே இருக்கட்டும், விடு. நானும் சரியாப் பாக்கல."

"பாய்லர்தான்யா. மூணு அடுப்பு, ஒரு விலாங்கு. எண்ணத் தெரியாதா எனக்கு?"

"அப்ப பலகை?" என்றார் பாஸ்கோ.

"அடியில ரெண்டு வரிக்கு இடம் இருக்கு." பல் தந்தியடித்தது, ஆனாலும் சிரித்தாள். "பேரு தெரியாத கப்பல் ஒண்ணு, ஹெட்லி! இன்னும் பத்தொன்பது வருஷத்துக்கு வேலை இருக்கு."

அவன் பையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துப் போர்த்திவிட்டான். அவள் பின்னியதுதான், விவாகரத்தின்போது தொலைந்துவிட்டதாக அவன் சத்தியம் செய்த அதே சட்டை.