ஓட்டுகிறவள் மேல் போட்ட பழி

என் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டே ஒரு தையல் மெஷினை அக்கக்காகக் கழற்றி மாட்டிவிடுவாள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஒரு கண்ணைத்தான் மூடுவாள், அதுவும் பொடித் திருகாணியைக் கூர்ந்து பார்ப்பதற்காக. ஆனால் அவளுக்கு நடந்த அநியாயம் இருக்கிறதே, அதைக் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை.

தையல்காரர்கள் அவளை ஊசியக்கா என்பார்கள். மலைப்பாதையில் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களுக்குப் போய்த் தையல் மெஷின் பழுது பார்ப்பது அவள் பிழைப்பு. கணவர் விட்டுப் போன பழைய கேம்பர் வேன்தான் அவளுக்குக் கடையும் வீடும். பின்னால் மடக்குக் கட்டில், ஓர் அடுப்பு, கை கழுவத் தொட்டி, இழுப்பறை நிறைய பாபினும் பெல்ட்டும் எண்ணெய்க் குப்பியும். வாரத்தில் பாதி நாள் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தாள். அது யார் கண்ணை உறுத்தியதோ!

திடீரென்று அந்த வேனுக்கு ஒரு சீக்கு வந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். மேடு ஏறும்போது இழுவை செத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் கெஞ்சிக் கெஞ்சி நின்றுபோகும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். மெக்கானிக் பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழுவினான், பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினான். அப்புறம் அதே மேட்டில் ஓட்டிப் பார்த்தான். ஜம்மென்று ஏறியது. அவள் மகன் ஓட்டினான், அப்போதும் ஏறியது. அவள் எடுத்தால் மட்டும் நிற்கும்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். "வண்டியில ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்கே தெரியாம கால் நழுவுது. வயசாகுதில்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க மெஷின் மிதித்துச் சோதிக்கிற கால் அது! அதற்கு அழுத்தத் தெரியாதாம். பெற்ற பிள்ளையாவது வாயைத் திறப்பான் என்று பார்த்தால், அவன் மெக்கானிக்கை மிஞ்சித் தலையாட்டினான்.

"வேனை வாங்க ஆள் பாத்துட்டேம்மா. ஞாயித்துக்கிழமை வர்றாரு. நீ நம்ம வீட்ல பின்பக்கத்து ரூம்ல நிம்மதியா இரு."

"யாருக்குடா நிம்மதி?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை, கடைசிச் சுற்று என்று வேனை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன். பாதி மேட்டில் வண்டி முனகி நின்றது.

"அண்ணி, என் கால் எங்க இருக்குன்னு பாருங்க!"

"இன்னும் அமுக்கினா ரோடு தெரியும்."

"பெட்ரோல் இல்லேன்னுகூடச் சொல்லுவானுங்க. அதையும் பாத்துடறேன்."

பெட்ரோல் முள் செத்துப் பல காலமாகிறது. ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் டாங்க்கைத் திறந்து, குச்சி விட்டு அளந்த பிறகுதான் வண்டியை எடுப்பார்கள். இவள் அளந்ததே இல்லை. நிரப்பினால் எதுவரை போகும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் கோபத்தில் நடுவழியில் மூடியைத் திருகினாள். டாங்க், முக்குளித்து எழுந்தவன் மாதிரி, ஸ்ஸ்ஸ் என்று நீளமாக மூச்சு இழுத்தது.

மூடிவிட்டுக் கிளப்பினாள். ஏறியது. அடுத்த மேட்டில் மறுபடி நின்றது. திறந்தாள், மறுபடி அதே மூச்சு. மூன்றாம் முறை மூடியை இறுக்காமல் துணியைச் சுற்றிச் செருகினாள். உச்சிவரை நிற்கவே இல்லை.

"பெட்ரோல் போகப் போக உள்ள காத்து வரணும் அண்ணி. பழைய மூடியில ஊசி முனையளவு ஓட்டை இருந்துச்சு. இதுல இல்ல."

'இது' என்றால், பெட்ரோல் திருடு போகக் கூடாதென்று மகன் ஆசையாக வாங்கித் தந்த பூட்டு மூடி! அவர்கள் அளக்கத் திறந்தபோதெல்லாம் டாங்க் மூச்சு வாங்கிக்கொண்டது; ஒரு மேடு ஏறி இறங்குவதற்கு அது போதும். நிரப்பிப் பூட்டிவிட்டுத் தொலைதூரம் போனவள் இவள் ஒருத்திதான். மூடி செய்த குற்றத்துக்குக் காலுக்குத் தண்டனை!

ஞாயிறு காலை, வாங்க வருகிறவர் வருவதற்கு முன், துணியை எடுத்துவிட்டு மூடியை இறுக்கிப் பூட்டி, மகனிடம் சாவியை நீட்டினாள். "மலையடிவாரத்தைச் சுத்திட்டு அந்த மேட்டை ஏறு. குச்சி விடக் கூடாது. மூடியைத் தொடக் கூடாது."

நாங்கள் இருவரும் கூடவே ஏறிக்கொண்டோம். அவன் மூடியைத் தொடவில்லை. பாதி மேட்டில் நின்றான். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. ஒரு லாரிக்காரர் தலையை நீட்டினார். "ஓட்டத் தெரியலேன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே, பெரியவரே!"

நரைத்த காதோரம் சிவந்துபோக, என் நாத்தனார் மகன் மிதித்துக்கொண்டே இருந்தான்.

"கால் நழுவுதா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, அவள் இறங்கிப் போய் மூடியைத் திறந்தாள். வண்டி கிளம்பியது. வாங்க வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தோம். மகன் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க மன்னிப்புக் கேட்டான்.

பக்கத்தில் பாபின் துடைத்துக்கொண்டிருக்கிற நாத்தனார், நான் எழுதுகிற இதை எட்டிப் படித்துவிட்டாள். "அண்ணி, அதை அடிச்சுடுங்க. மன்னிப்பெல்லாம் கேக்கலை. 'மூடிக்கு கியாரண்டி இருக்கும்மா, மாத்திக்கலாம்'னான். அதை எழுதுங்க."