நடு இறக்கத்தில் நிற்க விரும்பியவர்

கனகசபை இறந்த செய்தி வந்தபோது, நான் பரமக்குடியில் தங்கை மகள் கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறையாக ரசம் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கால்நடை மருந்தகத்தின் உதவியாளர் மண்டல், போர்ட் பிளேரிலிருந்து அழைத்தார். "கனகு பாய் சலே கயே" என்றார். போய்விட்டார் என்கிறாரே, எங்கே போனார் என்று கேட்டேன். விடுப்பு விண்ணப்பம் என் மேசைக்கு வராமல் எப்படிப் போகலாம் என்று ஒரு குமாஸ்தாவின் எரிச்சல்கூட எனக்கு வந்தது. மண்டல் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. மதியம் சாப்பிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

ஞாயிறு காலைகளில் புரோத்ராபூர் குன்றில் அவரோடு சைக்கிளில் இறங்கிய உங்களுக்காகவும், மாட்டுக்கு மருந்து கேட்டு அவர் முன்னால் வரிசையில் நின்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சிரிக்காமல் எழுதிவிட வேண்டும் என்று இரண்டு முறை முயன்றேன். முடியவில்லை.

அவர் எங்கள் மருந்தகத்தின் கம்பவுண்டர். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்து பத்துபஸ்தியில் வீடு பிடித்தார்கள். மாற்றலாகி ஊர் திரும்பிய ஓர் அதிகாரி தன் மலைச் சைக்கிளை விற்றபோது கனகசபை அதை வாங்கினார். அவரைப் பார்த்து நானும் ஒன்று வாங்கினேன். முன்பு யானைகள் மரம் இழுத்த பாதையில் சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு போவோம். பிறகு வேரும் கல்லும் செம்மண் சேறுமாக இருக்கும் அதே பாதையில் சரசரவென்று இறங்குவோம். நான்கைந்து பேர். எல்லோருக்கும் வேகம்தான் பேச்சு. கனகசபைக்கு மட்டும் பிரேக்.

"எறங்குறதுக்கு என்னா சார், கல்லு கூடத்தான் எறங்குது. மத்லப், அதாவது, நிக்கணுமில்ல?" என்பார்.

எங்கள் சைக்கிள்களில் இருந்தது கம்பி இழுக்கும் பழைய பிரேக். மழைக்காலத்தில் அது வெறும் ஆறுதல்தான். எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கைப்பிடியை அழுத்தினால், குழாயில் இருக்கும் எண்ணெய் உந்தி, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பட்டைகள் கவ்விப் பிடிக்கும். ஆனால் கம்பவுண்டர் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். அன்றைய எங்கள் இன்டர்நெட்டில் பிரேக் பற்றிய ஒரு வீடியோவைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு மாடுகளுக்கு ஊசி போட்டு வருவார். அப்போதும் படம் நகராமல், திரையில் ஒரு வெள்ளைக்காரர் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தபடியே நிற்பார்.

கடைசியில் சென்னையில் ஒரு சைக்கிள் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார். மதிய உணவு நேரம் முழுவதும், ஒரு மாதத்துக்கு, அந்த மனிதருக்கு விடுதலையே கிடைக்கவில்லை. கடைக்காரர் மூன்று வகை சொன்னார். ஒன்று மிக மலிவு. ஆனால் பட்டை தேய்ந்தால் மாற்றுப் பட்டை கிடைக்காது. இன்னொன்று போட்டிக்காரர்கள் போடுவது. அதன் விலையைக் கேட்டதும் கனகசபை ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார். மூன்றாவது அலங்காரம் இல்லாத எளிய ஜோடி. பட்டைகள் எங்கும் கிடைக்கும், பெயிண்டை அரிக்காத மினரல் எண்ணெய். அதைத்தான் எடுத்தார். என்னிடம் அதற்குக் காரணமும் சொன்னார்: "வாங்கறப்ப வெலையப் பாக்காதீங்க சார். ஒடைஞ்சா எந்தக் கப்பல்ல வரும்னு பாருங்க."

பிரேக் விமானத்தில் வந்தது. முன் சக்கரத்துக்கான குழாய் கொஞ்சம் நீளம். நறுக்கினார். உள்ளே காற்று புகுந்துவிட்டது. கைப்பிடி பஞ்சு போல அமுங்கியது. காற்றை வெளியேற்றிப் புது எண்ணெய் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கான ஊசிக்குழல் பற்றி அவருக்குக் கவலையில்லை, மாட்டுக்குப் போடும் பெரிய சைஸிலேயே இருந்தது. எண்ணெய்தான் இல்லை. அதை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். கப்பலில் வர வேண்டும். கடல் கொந்தளிப்பால் கப்பல் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் மலச்சிக்கலோடு ஒரு எருமை வந்தது. அதற்கு லிக்விட் பாரஃபின் கொடுத்துக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதுவும் மினரல் எண்ணெய்தான். உடனே சென்னைக்குப் போன் போட்டார்.

"சார், அப்படிக் கம்பெனில சொல்லலையே" என்றார் கடைக்காரர்.

"வேணாம்னு சொல்லியிருக்காங்களா?"

"இப்படி ஒருத்தர் கேப்பாருன்னு நெனச்சிருக்க மாட்டாங்க சார்."

அரசு மருந்தில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பஜாரில் மருந்துக்கடைக்குப் போய்ச் சொந்தக் காசில் வாங்கினார். "யாருக்கு பாய், பெரியவங்களுக்கா கொழந்தைக்கா?" என்று கடைக்காரர் கேட்டாராம். "சைக்கிளுக்கு" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை மருந்தக முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சைக்கிளில் வந்து அதில் நின்று காட்டினார். பசுக்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கோட்டில் கச்சிதமாக நின்றது. "ஔர் ஏக் பார்!", இன்னொரு தடவை, என்று மண்டல் கத்தினார். ஒரே ஒரு குறைதான். எண்ணெய் சற்றுக் கெட்டி. பிடித்த பிரேக் உடனே விடவில்லை, யோசித்து யோசித்து விட்டது.

மறுநாள் குன்றின் உச்சியில் நான் அவரை எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன். "எருமை மருந்தில் ஓடுகிற வண்டி, ஓரமாக நில்லுங்கள்" என்றேன். கிளம்பியதும் முதலாளாகப் பாய்ந்தேன். கடைசி வளைவில் சேறு. கைப்பிடியை இழுத்தேன், அது ஹேண்டில்பாரைத் தொட்டது. வேறு எதுவும் நடக்கவில்லை. குன்றடியில் குடியிருக்கும் வங்காளிப் பெரியவர் பிஸ்வாஸ் தாதாவின் வேலியைப் பிய்த்துக்கொண்டு அவருடைய வாத்துக் குளத்தில் சைக்கிளோடு இறங்கினேன். கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்த பிஸ்வாஸ் தாதா, பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்து நிதானமாகச் சொன்னார்: "கிளார்க் பாபு, கேட் உதர் ஹை."

வாசல் அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாமலா?

கனகசபை வெகுநேரம் கழித்து வந்தார். பிரேக் விடாததால், அந்தச் செங்குத்தான இறக்கத்தில் பெடலை மிதித்துக்கொண்டு, வியர்த்துக் கொட்ட வந்தார். குளத்தில் நின்ற என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைத் தடவி, மடக்கி, நீட்டிப் பார்த்தார். "மாடா இருந்தா ஊசி போட்டிருப்பேன்" என்றார்.

மறுநாள் நான் ஆபீஸுக்கு வந்தபோது அவர் என் சைக்கிளின் அருகில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தன் பின்சக்கரத்துப் புதுப் பிரேக்கைக் கழற்றி என் முன்சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். முந்தின நாள் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

"எனக்கு முன்னால ஒன்னு போதுமுங்க. உங்களுக்கு ஒன்னுமே இல்லையே" என்றார்.

பின்சக்கரத்துக்கான அந்தக் குழாய் என் சைக்கிளுக்கு ரொம்ப நீளம். மறுபடி நறுக்க அவர் துணியவில்லை. வளையமாகச் சுருட்டி ஹேண்டில்பாரில் கட்டிவிட்டார். குட்வில் எஸ்டேட் வழியாகப் போகும்போதெல்லாம் யாராவது எனக்கு எத்தனை பாட்டில் குளுக்கோஸ் ஏறியது என்று கேட்பார்கள்.

எண்ணெய் கப்பலில் வந்து சேர்ந்த பிறகு ஒருநாள், பாதி இறக்கத்தில் மரங்கள் விலகிக் கடல் தெரியும் வளைவில் கனகசபை சட்டென்று நின்றார். பின்னால் வந்த நானும் நின்றேன். ஆச்சரியமாக இருந்தது. அதுவரை எங்களில் யாரும் நடுவில் நின்றதில்லை, நிற்க முடிந்ததுமில்லை. சட்டைப் பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்து எனக்கும் கொடுத்துவிட்டு அவர் பேசினார்.

"அன்னைக்கு தண்ணி வந்தப்ப, ரப்பர் மலை மேல ஏறி ஓடுனோம் சார். அஞ்சு நாளு மேலயே கெடந்தோம். அப்பறம் கப்பல் வந்திருச்சு, எறங்குங்கன்னாங்க. எங்காலு எறங்க மாட்டேன்னுருச்சு. வயசான ஆளுங்கல்லாம் நடந்து எறங்குறாங்க, என்னய ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தாங்க." கடலைத் தோலை ஊதினார். "எறங்கணும் சார். ஆனா நெனச்ச எடத்துல நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த வளைவில் நிற்போம். தண்ணீரைப் பார்ப்போம், கடலை தீர்ந்ததும் கிளம்புவோம்.

அவர் இறந்த செய்தி கேட்டு நான் பரமக்குடியிலிருந்து திரும்பியபோது இறுதிச் சடங்கெல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி புஷ்பம், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே என்னோடு பேசினார். நான்தான் அழுதேன். போன ஞாயிறு நாங்கள் மறுபடி குன்றுக்குப் போனோம். மற்றவர்கள் வேகமாக முன்னே இறங்கிப் போனார்கள். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அந்த நடு வளைவில் நிற்பதைத்தான். நின்றேன். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கீழே அமைதியாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்தேன்.

மண்டல் கீழேயிருந்து கத்தினார். "க்யா ஹுவா, கிளார்க் பாபு? பிரேக் ஃபெயிலா?"

"இல்லப்பா," என்றேன். "பிடிக்குது."